பலாவுக்கு எடை உண்டு

கொல்லிமலையில் சோளக்காடு ஊரில் ஒரு மிளகு மண்டியில் முப்பத்தோரு வருடம் எடை போட்டவன் நான். சாக்கின் காதைப் பிடித்து லேசாகத் தூக்கினால் உள்ளே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். இதில் வித்தை ஒன்றும் இல்லை, கை பழகிப்போனது. சுமை கொண்டுவரும் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலைச்சுமையை இறக்கும்போதே, "முப்பத்தெட்டு இருக்கும், போட்டுப் பாருங்க" என்பார்கள். முள் முப்பத்தெட்டில் வந்து நிற்கும். தராசை நம்பாதவர்கள்கூடத் தங்கள் கழுத்தை நம்புவார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரனாகிய நான்தான் ஆறு வருடம் லாட்டரிச் சீட்டின் கடைசி எண்ணைக் கண்டுபிடிக்கப் போராடித் தோற்றேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பலாப்பழக் கதை.

போன வைகாசியில் பேத்தி மலைக்கு வந்தாள். நாமக்கல்லில் தங்கிப் புள்ளியியல் படிக்கிறாள். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவதில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்று வீட்டில் நாங்கள் பந்தயம் கட்டுவது வழக்கம். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டமாட்டாள். வந்து முகம் கழுவி, இஞ்சி டீ குடித்து ஆறிய பிறகு கேட்டாள்: "தாத்தா, ஒருத்தருக்குத் தெரியாதது நூறு பேர் சேர்ந்தா தெரிஞ்சிருமா? வரப்போறதைக் கும்பலாச் சேர்ந்து சொல்ல முடியுமா?" வகுப்பில் ஏதோ வாதம் நடந்திருக்கிறது போலிருக்கிறது. நான் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்கிற வயசைத் தாண்டிவிட்டாள். "டீக்கடைக்கு வா, பாத்துருவோம்" என்றேன்.

வீட்டு மேட்டில் நிற்கும் மரத்திலிருந்து ஒரு பலாப்பழத்தை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனோம். கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். பழத்தைத் தூக்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். எடையை எழுதித் தர வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்து ஆளின் சீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த நிபந்தனையைப் போட்டது நான். சந்தையில் காலம் தள்ளியவனுக்கு இது தெரியும். கூட்டத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் முதலில் "பன்னெண்டு கிலோ" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு வருகிற மதிப்பெல்லாம் பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவிலேயே சுற்றும். பத்துப் பேர் சொன்ன மாதிரி இருக்கும். சொன்னது ஒரு மீசைதான்.

சீட்டுகளைப் பிரித்தோம். ஒருவர் ஒன்பது கிலோ எழுதியிருந்தார். டீ மாஸ்டர் இருபத்திரண்டு. பேத்தி சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் நின்ற எட்டாவது சீட்டை எடுத்தாள். பதினான்கு. பழத்தைத் தராசில் வைத்தோம். பதினான்கரை. தனி ஆளாக அதைவிடக் கிட்டத்தில் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அது நான் இல்லை என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது.

இங்கிலாந்தில் பிளிமத் ஊர்க் கண்காட்சியில் 1906-இல் இதையே ஒரு மாட்டை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். கொழுத்த எருதை நிறுத்தி, அறுத்துச் சுத்தம் செய்தால் எத்தனை பவுண்டு தேறும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு பென்னி கட்டி எழுதிப்போட்ட சீட்டுகளில் படிக்கும்படி இருந்தவை 787. பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அவற்றை வாங்கி அடுக்கிப் பார்த்தார். நடுச் சீட்டு 1207 பவுண்டு. உண்மை எடை 1198. கூட்டத்தைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கணக்கு வந்தபடியே 1907-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதற்காக அவரை மெச்சலாம்.

டீக்கடையில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. ஊரே ஒன்று சேர்ந்தால் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒருவர் பேசவே தொடங்கிவிட்டார். பேத்தி மெதுவாகப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தாள்.

"இப்ப இதைச் சுண்டப் போறேன். பூவா தலையா, நீங்க எழுதுன பிறகுதான் சுண்டுவேன். பத்துத் தடவை."

அதே பதினைந்து பேர். எதற்கு அதிகக் கை எழுதியிருக்கிறதோ அதுதான் கூட்டத்தின் வாக்கு. முதல் பத்தில் கூட்டம் ஆறு சரி. "பாத்தியா!" என்றார்கள். அதைவிடப் பெரிய ஆரவாரம் இன்னொன்றுக்கு: பிக்கப் வண்டி ஓட்டுகிற பையன் ஒருவன் தனியாக எட்டுச் சரியாகச் சொல்லியிருந்தான். அவனுக்கு ஒரு போண்டா இலவசமாக வந்தது.

இரண்டாம் பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று சொல்லியும், எல்லார் கண்ணும் அந்தப் பையனின் சீட்டின் மேல்தான். கூட்டம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. பதினைந்து சீட்டிலும் அவன் ஒருவனே எழுதியிருந்தான். அவன் மூன்று சரி. ஆகவே ஊரும் மூன்று சரி. மூன்றாம் பத்தில் ரோஷம் வந்து அவரவர் தனியாக எழுதினார்கள். ஐந்து. முப்பதுக்குப் பதினான்கு என்று பேத்தி நோட்டில் குறித்துக்கொண்டாள். அவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'தலை' என்றே எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் வந்திருக்கும்.

அந்த எட்டுச் சரி எப்படி என்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு ஆள் பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சொல்ல, நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்புதான். அது அபூர்வம். ஆனால் பதினைந்து பேர் உட்கார்ந்து சொல்லும்போது அவர்களில் யாராவது ஒருவருக்கு அது வாய்க்க, பாதிக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறதாம். "யாராவது ஒருத்தர் தீர்க்கதரிசி ஆகாம இருந்தாத்தான் தாத்தா ஆச்சரியம்" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் சோறு இறங்கவில்லை. என் ஆறு வருடக் கதை அதில் இருந்தது.

தமிழ்நாட்டில் 1968-இல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது இந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. மாதம் ஒன்றோ இரண்டோ குலுக்கல், ஒரு சீட்டு, ஒரு கனவு. அது வேறு காலம். தொண்ணூறுகளில் வந்தது வேறு சரக்கு. எந்தெந்தத் தூரத்து மாநிலங்களின் பெயரிலோ தினசரிக் குலுக்கல். அதிலும் ஒரு நம்பர் லாட்டரி. சீட்டின் கடைசி இலக்கம் விழுந்தால் பணம். காலையில் வாங்கினால் மாலையில் முடிவு. கூலி வாங்குகிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை. 1998-இல் மத்திய அரசின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்றே தனியாக எழுதியது. அந்த ஒரு வரி எத்தனை குடும்பத்தின் கண்ணீரிலிருந்து வந்தது என்று எங்களைக் கேட்டால் தெரியும். 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாட்டில் லாட்டரியே மொத்தமாகத் தடை செய்யப்பட்டது.

நாங்கள் பன்னிரண்டு பேர். மண்டியில் வேலை செய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வேனில் ஏற்றி இறக்குகிறவர்கள். தனித்தனியாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்துக் குழுவாக்கினவன் நான். எடைக்காரன் மூளை! பலர் மதிப்பைச் சேர்த்தால் சரியான எடை வருகிறது என்று எனக்குத் தராசு கற்றுக்கொடுத்திருந்தது. அதையே எண்ணுக்கும் பொருத்திப் பார்த்தேன். காலையில் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு எண் சொல்வோம். அதிகம் பேர் சொன்ன எண்ணுக்குப் பொதுப் பணம், அவரவர் எண்ணுக்கு அவரவர் பணம். எண் எங்கிருந்து வரும்? ராத்திரிக் கனவிலிருந்து வரும். முதல் பஸ்ஸின் பதிவெண்ணிலிருந்து வரும். ஒருவர் கோழி இட்ட முட்டையை எண்ணிச் சொல்வார். படித்தவன் என்று பெயரெடுத்த நான் பழைய முடிவுகளை நோட்டில் எழுதி வைத்து 'ஓடாத நம்பர்' தேடுவேன். "ஏழு வந்து இருபது நாளாச்சு, இன்னிக்கு வந்தே ஆகணும்" என்பேன். ஏழுக்கு நாள் எண்ணத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. குலுக்கல் உருளைக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாளும் அது அன்றைக்குப் பிறந்த குழந்தை.

ஆறு வருடம் எப்படி ஓட்டினோம் என்பதுதான் கேள்வி. தோற்றுக்கொண்டே இருக்கிறவன் விட்டுவிடுவானே? அதற்குத்தான் பேத்தியின் கணக்கு பதில் சொன்னது. பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு எண் சொன்னால், அவர்களில் ஒருவராவது சரியாகச் சொல்ல நூற்றுக்கு எழுபத்திரண்டு வாய்ப்பு. வாரத்தில் ஐந்து நாள் எங்களில் யாரோ ஒருவன் "நான் சொன்னேன்ல!" என்று கத்தியிருக்கிறான். அந்தச் சத்தம்தான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. ஒவ்வொருவனும் பத்து நாளில் ஒன்பது நாள் தோற்றான். குழு மட்டும் தினமும் ஜெயித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பொதுப் பணம் போட்ட எண் எத்தனை தடவை விழுந்தது என்று அந்தப் பழைய நோட்டைப் பரணிலிருந்து எடுத்துப் பேத்தி எண்ணிப் பார்த்தாள். பத்துக்கு ஒன்றைத் தாண்டவில்லை. இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள்: விழுந்த நாளை நான் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன், விழாத பல நாள் பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை. மண்டிக் கணக்கில் கால் கிலோ பிசகாமல் எழுதின கை அது.

போன பணத்துக்கு அளவு இருக்கிறது. அந்த ஆறு வருடத்தில் மேட்டு நிலத்தில் சில்வர் ஓக் கன்று வைத்து மிளகுக் கொடி ஏற்றுவதாக இருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வைத்தார். இப்போது தை மாதம் அவர் ஏணி போட்டு மிளகு பறிக்கும்போது என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லமாட்டாள். மரங்களை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள்.

சிங்கப்பூரில் ஒரு கிளி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? லிட்டில் இந்தியாவில் நம் ஆள் ஒருவர் வைத்திருந்த ஜோசியக் கிளி, மணி என்று பெயர். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் காலிறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகச் சொல்லி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து என்று சீட்டை எடுத்தது, ஸ்பெயின் ஜெயித்தது. நான்கு ஆட்டத்தைச் சரியாகச் சொல்வது பெரிய காரியம் மாதிரி தெரியும். பதினாறு கிளிகளைக் கூண்டு கூண்டாக வைத்தால் அதில் சராசரியாக ஒன்று நான்கையும் சொல்லிவிடும் என்பதுதான் கணக்கு. மற்றப் பதினைந்து கிளிகளைப் பற்றி யார் செய்தி எழுதுவார்கள்? பாவம் மணி. பழத்தைத் தின்று, கேட்ட சீட்டை எடுத்துப் போட்டது. அதற்கு மேல் அது எதையும் கேட்டதில்லை.

முன்கூட்டியே எழுதி வை, எல்லாவற்றையும் எண்ணு: இந்த இரண்டு வேலையைச் செய்தவர்கள் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஆபிரகாம் கோவூர் 1898-இல் திருவல்லாவில் பிறந்து இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அறுபதுகளில் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் அறிவித்தார். ஜோசியர்களுக்கும் கைரேகைக்காரர்களுக்கும் அவர் வைத்த சோதனை எளிது. பத்துக் கைரேகை, அல்லது பத்துப் பேரின் பிறந்த நேரமும் இடமும். இதில் ஆண் எது பெண் எது, உயிரோடிருப்பவர் யார் இறந்தவர் யார் என்று பிரித்துக் காட்டினால் போதும். 1978-இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. பிறகு அதே பந்தயத்தைக் கோவை போத்தனூரிலிருந்து பகுத்தறிவாளர் பிரேமானந்த் தொடர்ந்தார்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது புணேயில் 2008-இல் வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் செய்தது. பந்தயம் கட்டிச் சவால் விடுவதில் ஒரு மேடைத்தனம் உண்டு. இவர் அதைச் செய்யவில்லை. மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர், புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டே, முன்னால் தாமே ஜோசியம் பார்த்த பிரகாஷ் காட்பாண்டே ஆகியோரோடு சேர்ந்து இருநூறு ஜாதகம் திரட்டினார். நூறு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுடையது, நூறு மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையது. கலந்து, ஒரு ஜோசியருக்கு நாற்பது வீதம் கொடுத்தார்கள். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஐம்பத்தொரு பேர் வாங்கிக்கொண்டார்கள். இருபத்தேழு பேர் திருப்பி அனுப்பினார்கள். சராசரியாக நூற்றுக்கு 46 சரி. மிக நன்றாகச் சொன்னவர் நாற்பதுக்கு 24. ஒரு ஜோசிய நிறுவனம் இருநூறையும் வாங்கிக் குழுவாக உட்கார்ந்து பார்த்தது, 102 சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தால் நூறு வந்திருக்கும். இரண்டு ஜாதகம் கூடுதலாகச் சொன்ன புண்ணியத்தைக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம்.

இதில் திருப்பி அனுப்பாத இருபத்துநான்கு பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். வீட்டில் ஜாதகக் கட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். விடை எங்கேயோ மூடிய உறையில் காத்திருக்கிறது என்று தெரிந்தபோது கை நின்றிருக்கும். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டவனுக்கு என்ன கோபம்?

"இதெல்லாம் இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது. வரப்போறதைக் கண்டுபிடிக்கிறதை யாராவது சோதிச்சாங்களா?" என்று பேத்தியை மடக்கினேன். மடங்கவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேரில் பெம் என்ற மனவியல் பேராசிரியர் 2011-இல் அதைத்தான் செய்தேன் என்றார். கணினித் திரையில் இரண்டு மூடுதிரை. ஒன்றின் பின்னால் படம், இன்னொன்றின் பின்னால் ஒன்றுமில்லை. எதில் படம் என்று சொல்ல வேண்டும். விஷயம் என்னவென்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் கணினி குலுக்கல் போட்டுப் படத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும். கிளுகிளுப்பான படங்களில் மட்டும் மாணவர்கள் நூற்றுக்கு 53 சரியாகச் சொன்னார்கள் என்று எழுதினார். (படம் எப்படிப்பட்டது என்பதை அவள் சொல்லாமல் தாவினாள், நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.) உலகமே பரபரத்தது. பெரிய இதழில் வந்தது, பெரிய பேராசிரியர் எழுதியது.

அடுத்து நடந்ததுதான் நல்ல பாடம். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எப்படிச் சோதித்தால் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் என்று முதலில் முடிவு செய்தார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த சோல்டான் கெகெச் தலைமையில், ஒன்பது நாடுகளில் பத்து ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொரு விடையும் பதிவாகிற கணமே எவரும் திருத்த முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலந்துகொண்டவர்கள் 2,115 பேர். சொன்ன தடவை 37,836. முடிவு 2023-இல் வந்தது. நூற்றுக்கு 49.89 சரி. எங்கள் டீக்கடை முப்பதுக்குப் பதினான்கு என்பதற்கு இவ்வளவு பெரிய தங்கை இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். பலாவுக்கு எடை உண்டு. நாங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பதினான்கரை கிலோ. ஒருவன் தோளால் கொஞ்சம் அறிகிறான், ஒருவன் கண்ணால் கொஞ்சம் அறிகிறான். கூட்டிச் சொன்னவனின் பிசகைக் குறைத்துச் சொன்னவனின் பிசகு தின்றுவிடுகிறது, அறிந்தது மட்டும் மிஞ்சுகிறது. நாணயத்துக்குச் சுண்டும் முன் பூவும் இல்லை, தலையும் இல்லை. பதினைந்து பேரும் அறிந்தது சைபர். சைபரைப் பதினைந்து தடவை கூட்டினாலும் லட்சம் தடவை கூட்டினாலும் என்ன வரும்? மண்டியில் வெறும் சாக்கை நான் எடை போட்டதே இல்லை. லாட்டரியில் ஆறு வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன்.

எங்கள் மலைச்சாமி பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது. அறப்பளீசுர சதகம், அம்பலவாணக் கவிராயர் பாடியது. நூறு பாட்டில் உலகத்து நடப்பு எவ்வளவோ சொல்கிறவர், சகுனம் பார்ப்பதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க எந்தக் கிழமை என்பது வரைக்கும் உண்டு. அறப்பளீசுவரர் சந்நிதியில் நின்று நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இன்னது நடக்குமா நடக்காதா என்று. கொங்குப் பக்கம் பூவாக்கு என்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது. இதைப் பேத்தி கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உத்திரமேரூரைச் சொன்னாள்.

அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 919-இலும் 921-இலும் வெட்டியது. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை அதில் இருக்கிறது. முப்பது குடும்பு, அதாவது ஊர்ப் பகுதி. ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அதே குழந்தை, அதே குலுக்கல். பூவாக்கில் குழந்தையைக் கூப்பிடுவது, அதன் கையில் மேலே இருக்கிற யாரோ ஒருவருக்குத் தெரிந்தது வரும் என்று. குடவோலையில் குழந்தையைக் கூப்பிட்டது, வரப்போவது ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று. தெரிந்தால் பணக்காரன் ஓலைதான் வரும். யாராலும் சொல்ல முடியாததை ஆயிரத்து நூறு வருடம் முன்னால் ஊர் நியாயத்துக்குத் தூணாக நட்டிருக்கிறார்கள். நான் அதில் போய் அன்றாடக் கூலியைக் கட்டிவைத்தேன்.

என் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமலே தெரிந்திருந்தது. எங்கள் மேட்டுக் காட்டில் சாமையும் கேழ்வரகும் போட்ட காலம் அது. மரவள்ளி வந்து எல்லாவற்றையும் தின்பதற்கு முன்னால். சாமையிலேயே பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று பல. சீக்கிரம் விளைவதும் இருக்கும், மாதக்கணக்கில் நிற்பதும் இருக்கும். "இந்த வருசம் மழை எப்படிம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்பாள். சொல்லிவிட்டு ஒரு பங்கு இதை விதைப்பாள், ஒரு பங்கு அதை. மழை முந்தினால் ஒன்று தேறும், பிந்தினால் இன்னொன்று. கொஞ்சம் பானையில் நிற்கும், விதைக்கென்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் தொண்ணூறுகளில் இந்த மலைக்கு வந்து இந்தச் சாமை வகைகளைத் தேடித் தேடி விதைப்பானை வைத்தபோது, அவர்களோடு நடந்து போன கிழவிகளுக்கு வியப்பாக இருந்தது. கீழே பெரிய படிப்புப் படித்தவர்கள் இதையா தேடி வருகிறார்கள்? அதே வருடங்களில்தான் நான் பஸ் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா செத்த பிறகு நானும் தம்பியும் நிலத்தைப் பிரித்தது திருவுளச்சீட்டுப் போட்டுத்தான். இரண்டு துண்டு. ஒன்றில் ஊற்று இருக்கிறது, மற்றதில் பாறையும் ஒரு பலா மரமும். யார் பேசித் தீர்த்திருந்தாலும் தகராறு முடிந்திருக்காது. கோயில் வாசலில் பூசாரியின் பேரன் எடுத்தான். ஊற்று தம்பிக்குப் போனது. அன்று ராத்திரி எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் தம்பி மேல் எரியவில்லை, யார் மேலும் எரியவில்லை. எரிய ஆள் இல்லாத எரிச்சல் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. அவன் இன்றைக்கும் என் பக்கத்துக்கு ஒரு குழாய் இழுத்துவிட்டிருக்கிறான். நான் கேட்கவில்லை.

டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போன பழம் அந்த மரத்துடையதுதான்.

பேத்தி ஊருக்குப் புறப்படும் நாளில் தம்பி வந்தான். அடுத்த வருடம் அந்த மரத்தில் எத்தனை காய் நிற்கும் என்று அவனைக் கேட்டாள். அவன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். போன இரண்டு வருடக் காய்ப்பைக் கேட்டான். கிளை அடிவாரத்தில் விரலால் தடவிப் பார்த்தான். "எண்பது இருக்கும்ணே" என்றான் என்னைப் பார்த்து. அவளிடம் சொல்லக்கூட இல்லை. வீட்டுக்காரி நூற்றுப் பத்து என்றாள்; அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தாராளம். நான் எழுதினது தொண்ணூற்றைந்து. மூன்றையும் பேத்தி ஒரே தாளில் குறித்து, தேதி போட்டு, எட்டாக மடித்துச் சாமைப் பானைக்குள் போட்டு மூடினாள். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

கீழே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "தாத்தா, எத்தனையாவது வளைவு?"

"இறங்கறப்ப எனக்குத் தெரியாதும்மா. ஏறறதுக்குத்தான் கணக்கு வச்சிருக்கேன்" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.